"ஜெராக்ஸ் பக்கத்தை மட்டும் படிச்சவன் பேசறேன்" – மல்லசமுத்திரம் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை

தேசிய நூலக வாரத்தையொட்டி மல்லசமுத்திரத்தில் நம் தோழர்கள் நடத்திய வாசகர் கூட்டத்தில், நமது ஒன்றியப் பொறுப்பாளர் ஆற்றிய உரை இது. பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது. முழுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.



"நூலகத்துக்கு வர்றவங்க என்னென்ன படிக்கலாம்னு நாலு வார்த்தை பேசுங்க" என்று தோழர்கள் கூப்பிட்டாங்க. நான் படிச்சது பத்தாவது. புத்தகத்தைப் பத்திப் பேச இவனுக்கு என்ன தகுதின்னு யாராவது நினைச்சா நியாயம்தான். ஆனா ஒரு தகுதி எனக்கு இருக்குதுங்க. ஒரு புத்தகத்தைப் படிக்காமலே அதை எதிர்த்துக் கடையை அடைச்சவன் நான். அந்தக் கதையை நடுவுல சொல்றேன்.

முதல்ல ஒரு கணக்கு. வீட்டுக்குப் போனதும் உங்க சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. அதுல 'நூலக வரி'ன்னு தனியா ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆயிரம் ரூபாய் வரி கட்டற வீட்டுக்காரர் கூடவே நூறு ரூபாயை நூலகத்துக்குன்னு கட்டிட்டுத்தான் வர்றார். 1948-ல அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதுக்காகப் பல வருசம் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கல்வி அமைச்சராக இருந்து சட்டத்தைக் கொண்டு வந்தவர் நம்ம கொங்குநாட்டு அவினாசிலிங்கம். அதுக்கும் முன்னாடியே, 1931-ல, மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போயிருக்காங்க. புத்தகம் அலமாரியில் தூங்கக் கூடாது, தனக்கான ஆளைத் தேடிப் போகணும்ங்கறதுதான் ரங்கநாதன் ஐயாவோட எண்ணம்.

ஆக, நூலகம் யாரோ நமக்கு இலவசமாக் குடுத்த சலுகை இல்லைங்க. காசு கட்டிட்டோம். ரேசன் கடையில நம்ம கார்டுக்கு வர்ற சர்க்கரையை விட்டுக் குடுப்போமா? இதை மட்டும் எதுக்கு விட்டுக் குடுக்கணும்?

நம்ம பக்கத்து நூலகத்துல காலையில போய்ப் பாருங்க. பெரியவங்க பேப்பர் படிப்பாங்க. பசங்க போட்டித் தேர்வுக்குப் படிப்பாங்க. ரெண்டும் தேவையானதுதான், நான் குறை சொல்லலை. ஒரு வேலை கிடைச்சா ஒரு குடும்பமே தலை நிமிருது. ஆனா அந்த ரெண்டு மேசைக்கும் பின்னாடி நிக்கற அலமாரிகளை யாருங்க திறக்கறது? அதுக்குள்ள என்ன இருக்குன்னுதான் இன்னைக்குச் சொல்ல வந்தேன்.

தறி ஓட்டற தோழர்கள்ல இருந்து ஆரம்பிக்கறேன், நானும் பதினேழு வயசுல தறிக்குப் போனவன்ங்கறதால. தொ.மு.சி. ரகுநாதன் 1953-ல எழுதின நாவல் 'பஞ்சும் பசியும்'. தெற்கத்திக் கைத்தறி நெசவாளர் கதை. நூல் கிடைக்காம, நெஞ்ச துணி விக்காம, பசியில தவிக்கற சனங்களோட கதை. செக் மொழிக்கெல்லாம் போயிருக்குதுங்க அந்தப் புத்தகம். நம்ம விசைத்தறிக்கு வந்தா இரா. பாரதிநாதன் எழுதின 'தறியுடன்'. 2021-ல வந்த 'சங்கத்தலைவன்' படம் பார்த்திருப்பீங்க, அந்தப் படத்துக்கு மூலம் இந்த நாவல்தான். முன்பணம் வாங்கின ஒரே காரணத்துக்காக ஒரு மனுசன் முதலாளிகிட்ட எப்படிச் சிக்கிக்கறான்னு நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனா நம்ம பட்டறைச் சத்தத்தை, நம்ம கூலித் தகராறை அச்சு எழுத்துல படிக்கறப்போ ஒண்ணு நடக்குதுங்க. 'இது என் தலையெழுத்து'ன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது, 'இது ஒரு ஏற்பாடு, மனுசங்க பண்ணி வெச்சது'ன்னு தெரியுது. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது. சங்கத்துல சேர்ந்தது அதுக்கப்புறம்தான்.

அம்மாமார், அக்காமாருக்கு ஒரு புத்தகம். ஆர். சண்முகசுந்தரம் எழுதின 'நாகம்மாள்'. 1942-ல வந்தது. தமிழ்ல வட்டார நாவல்னு பேச ஆரம்பிச்சா முதல்ல இந்தப் பேரைத்தான் சொல்றாங்க. நம்ம கொங்குப் பேச்சு, நம்ம காடு, நம்ம களத்துமேடு. கதை என்னன்னா, புருசனை இழந்த ஒருத்தி, 'எனக்குச் சேர வேண்டிய பங்கைப் பிரிச்சுக் குடுங்க'ன்னு கேட்கறா. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி அந்த ஊரையே என்ன பாடு படுத்துதுன்னு படிச்சுப் பாருங்க. நூத்தி சொச்சம் பக்கம்தான், ரெண்டு மத்தியானத்துல முடிஞ்சுரும். பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல, நாடு முழுக்க வந்தது 2005-ல. நாகம்மாள் கேட்டது அதுக்கெல்லாம் எத்தனை வருசம் முந்தி! இன்னைக்கும் பங்கு கேட்டா அண்ணன் தம்பி வீட்டு வாசப்படி மிதிக்க முடியாத தங்கச்சிங்க இந்தக் கூட்டத்துலயே இருப்பீங்க. நான் பேர் சொல்லலை.

அடுத்து, நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளு பெருமாள்முருகன். இவரோட 'கூளமாதாரி'யை ஆடு மாடு வெச்சிருக்கற ஒவ்வொரு பண்ணையக்காரரும் படிக்கணும்னு சொல்வேன். அருந்ததியர் வீட்டுச் சின்னப் பையன்கள், பள்ளிக்கூடம் போற வயசுல, பண்ணையத்துல ஆடு மேய்க்க விடப்பட்ட பையன்கள் கதை. எங்க அப்பாரு காலத்துல எங்க காட்டுலயும் அப்படி ஒரு பையன் இருந்தான். அவன் எங்க படுத்தான், எதுல சோறு வாங்கினான்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அவன் என்ன நினைச்சான்னு நான் நினைச்சுப் பார்த்ததே இல்லை. அந்தப் புத்தகம் நினைக்க வெச்சுது. மூணு நாள் எனக்குச் சரியாத் தூக்கமில்லை.

இப்ப அந்தக் கதைக்கு வர்றேன்.

அப்ப திருச்செங்கோட்டுல தறி உதிரிபாகம் விக்கற சின்னக் கடை வெச்சிருந்தேன். 2014 டிசம்பர் கடைசி. ஒருத்தர் வந்து ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்களைக் குடுத்தார். "நம்ம ஊரையும், கோயிலையும், நம்ம பொம்பளைங்களையும் இழிவு பண்ணி எழுதியிருக்கான், பாரு" அப்படின்னார். பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்'. 2010-லயே வந்த புத்தகம்ங்கறது அப்ப எனக்குத் தெரியாது. நாலு வருசமா நம்மள யாரையும் இழிவு பண்ணாத புத்தகம் திடீர்னு எப்படி இழிவு பண்ணுச்சுன்னு கேட்கவும் தோணலை. கோடு போட்டிருந்த வரிகளை மட்டும் படிச்சேன். ரத்தம் கொதிச்சுது. அந்தப் பக்கங்களை நானே இன்னும் நாலு ஜெராக்ஸ் எடுத்து நாலு பேருக்குக் குடுத்தேன். என் கைக்காசு.

புத்தகத்தை எரிச்சாங்க. 2015 ஜனவரி 9-ஆம் தேதி திருச்செங்கோட்டுல கடையடைப்பு. யாரும் என்னை மிரட்டலைங்க. நானா சந்தோசமா ஷட்டரை இறக்கினேன். ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்ல பேச்சுவார்த்தை. அந்த மனுசன் வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் முகநூல்ல, எழுத்தாளனா நான் செத்துட்டேங்கற மாதிரி ஒரு அறிவிப்பு போட்டுட்டுப் போயிட்டார். அன்னைக்கு நாங்க டீக்கடையில ஜெயிச்சுட்டோம்னு பேசிக்கிட்டோம்.

2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. அந்தப் பேச்சுவார்த்தையில எழுதி வாங்கினது அவரைக் கட்டுப்படுத்தாது, புத்தகம் பிடிக்கலைன்னா படிக்காம விடற உரிமை வாசகர்கிட்டதான் இருக்கு, எழுதறவர் திரும்பவும் எழுதட்டும்னு சொல்லிச்சு. பேப்பர்ல படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

அதுக்கு மறு வருசம் எங்க சின்னம்மா தவறிட்டாங்க. அவங்களுக்குக் குழந்தை இல்லை. சாவு வீட்டுல சடங்கு செய்யறதுக்கு யாரு, எவருன்னு ஒரு தகராறு. ஆயுசு முழுக்க அவங்க பட்டதுக்குச் சாவுலயும் முடிவில்லை. கல்யாண வீட்டுல சீர்த்தட்டை அவங்க கையில குடுக்க மாட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறந்து காரணம் சொல்ல மாட்டாங்க, தட்டு அவங்களைத் தாண்டி அடுத்த கைக்குப் போயிரும். அந்தச் சாவு வீட்டுல எங்க அக்கா மகள் – காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்த புள்ள – "மாமா, நீங்க கடையடைச்சு எதிர்த்தீங்களே, அந்தப் புத்தகம் நம்ம சின்னம்மாயியைப் பத்தினதுதான், தெரியுமா?"ன்னு கேட்டுது.

அவகிட்டயே வாங்கிப் படிச்சேன். காளி, பொன்னா. பன்னெண்டு வருசமாக் குழந்தையில்லாத புருசன் பொண்டாட்டி. ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரா இருக்கறவங்க. அவங்களை நிம்மதியா இருக்க விடாதது ஊரும் உறவும். முதல் நூறு பக்கம் முழுக்க எங்க சின்னம்மாதான். ஜெராக்ஸ் பக்கத்துல அவங்க இல்லைங்க. கோடு போட்டவர் அவங்களை விட்டுட்டுத்தான் கோடு போட்டிருக்கார்.

இதையும் சொல்லிப்போடறேன். திருவிழா பத்தி அந்த நாவல்ல வர்ற பகுதியில எனக்கு இன்னும் முழுசா ஒப்புதல் இல்லை. அதைப் பத்தி யார்கூடவும் உக்காந்து வாதாட நான் தயார். ஆனா இப்ப புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டு வாதாடறேன். அன்னைக்கு நான் பண்ணினது வாதமே இல்லை.

நம்ம தோழர்களுக்கு இதை எதுக்கு விலாவாரியா சொல்றேன்னா, இன்னைக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டியதில்லை. வாட்ஸ்அப்ல ஒரு பக்கம் வருது, ஒரு நிமிச வீடியோ வருது. வெட்டினது யாரு, எதை விட்டுட்டு வெட்டினாங்கன்னு பார்க்காம நாமளும் பகிர்றோம். எதிர்க்கட்சிக்காரன் மட்டும்தான் பண்றான்னு சொல்லாதீங்க. நம்ம குரூப்லயும் நடக்குது. நானே ரெண்டு தடவை சொல்லி நிறுத்தியிருக்கேன்.

அந்த மனுசன் எழுத்தை விட்டுடலை. 2016-லயே 'பூனாச்சி'ன்னு ஒரு வெள்ளாட்டுக் குட்டியோட கதையோட வந்துட்டார். அவரோட 'ஆளண்டாப் பட்சி', பாகப்பிரிவினையில ஏமாந்து புது நிலம் தேடி வண்டி கட்டிக்கிட்டுப் போற ஒருத்தனோட கதை, ஆங்கிலத்துல போய் 2023-ல ஜேசிபி பரிசு வாங்குச்சு. 'மாதொருபாகன்' வேண்டாம்னு நினைக்கறவங்க 'பூனாச்சி'யில ஆரம்பிங்க. ஆடு வளர்க்கற வீட்டுல சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டலாம். ஆட்டுக்கதைன்னா வைக்கம் முகம்மது பஷீரோட 'பாத்துமாவின் ஆடு'ன்னு மலையாளத்துல இருந்து வந்த ஒண்ணும் இருக்குது. அது சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்.

சரி, கட்சிக்காரங்களுக்குன்னு ஒண்ணு. நம்ம தலைவர்கள் எழுதினதைப் படிக்கறீங்க, சந்தோசம். மத்தவங்க எழுதினதையும் படிங்க. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை மோகனூர்ல பிறந்தவர். காந்தி வழி காங்கிரஸ்காரர், வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதினவர். அவர் எழுதின நாவல் 'மலைக்கள்ளன்'. அதை 1954-ல படமா எடுத்தப்ப கதாநாயகன் எம்.ஜி.ஆர்., வசனம் கலைஞர். அன்னைக்கு ரெண்டு பேரும் தி.மு.க. காங்கிரஸ்காரர் கதைன்னு அவங்க ஒதுக்கலை. நம்ம புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை எடுத்துக்குங்க. 1925-ல ராஜாஜி தொடங்கினது. மதுவிலக்குக்காக அங்க இருந்து 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை நடத்தினாங்க. கல்கி அங்க வந்து வேலை பார்த்திருக்கார். ராஜாஜியோட அரசியலை எதிர்க்கறவங்க அவரோட கதைகளைப் படிச்சா தீட்டா? அம்பேத்கர் 1936-ல எழுதின சாதி ஒழிப்பு உரையைத் தமிழ்ல போட்டது பெரியாரோட 'குடிஅரசு'. யாரு எந்தப் பக்கம்னு பார்த்துப் படிச்சிருந்தா இதெல்லாம் நம்ம கைக்கே வந்திருக்காது.

தேர்வுக்குப் படிக்கற பசங்களுக்கு நேரமில்லைன்னு தெரியும். ஒரே ஒரு விசயம். பாடத்திட்டத்துல நாமக்கல் கவிஞர் வர்றார், உ.வே.சா. வர்றார். கைடுல நாலு வரியை மனப்பாடம் பண்றீங்க, பரீட்சை முடிஞ்சதும் மறந்துருது. கவிஞர் தன் வரலாறா எழுதின 'என் கதை'யைப் படிங்க. போலீஸ்காரர் மகன், ஓவியம் வரைஞ்சு பொழைச்சவர், எப்படிக் கவிஞர் ஆனார்னு கதை மாதிரி போகும். உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' தடி புத்தகம். பயப்படாதீங்க, எங்க திறந்தாலும் படிக்கலாம். ஏடு தேடி ஒரு மனுசன் எத்தனை ஊர் அலைஞ்சிருக்கார்னு பார்த்தா நம்ம கஷ்டம் சின்னதாத் தெரியும். தொ. பரமசிவனோட 'பண்பாட்டு அசைவுகள்' சின்னச் சின்னக் கட்டுரை. டீ குடிக்கற நேரத்துல ஒண்ணு முடிஞ்சுரும். உப்பு, சோறு, துணின்னு நாம தினமும் புழங்கற சாமானுக்குப் பின்னாடி எவ்வளவு வரலாறு இருக்குன்னு தெரியும்.

ரிக் வண்டியில போற அண்ணமார் வருசத்துல எட்டு மாசம் வெளிமாநிலத்துல இருப்பீங்க. பையில வெக்கற மாதிரிச் சின்னப் புத்தகம் அசோகமித்திரனோட 'தண்ணீர்'. ஆயிரம் அடி துளை போட்டுத் தண்ணி எடுத்துத் தர்றவங்க நீங்க. குழாயில தண்ணி நின்னுபோன ஒரு சென்னைத் தெருவுல பொம்பளைங்க ஒரு குடத்துக்கு என்ன பாடு படறாங்கன்னு படிச்சா, நீங்க போடற போரோட மதிப்பு உங்களுக்கே வேற மாதிரித் தெரியும். மேட்டூர், சத்தியமங்கலம் பக்கம் போறவங்க ச. பாலமுருகனோட 'சோளகர் தொட்டி'யைப் படிங்க. வீரப்பனைத் தேடறோம்னு போய் மலைசனங்களை என்ன பண்ணினாங்கன்னு எழுதியிருக்கார். கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுத்தான் படிக்கணும்.

பொண்ணு வெச்சிருக்கற அப்பா அம்மா எல்லாரும் இமையத்தோட 'செல்லாத பண'த்தைப் படிங்க. 2020-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல். மகள் தன் விருப்பத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டதுல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி தீக்காய வார்டுல கதை நிக்குது. பணம் எந்த இடத்துல செல்லாமப் போகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். வாத்தியார்களுக்கு இரா. நடராசனோட 'ஆயிஷா', அரை மணி நேரத்துல படிச்சு முடிச்சுரலாம். பிள்ளைங்களுக்கு 'டோட்டோசான்'. விவசாயம் பண்றவங்களுக்குப் புகோகாவோட 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. அவர் சொல்றது ஜப்பான் மண்ணுக்கு, நம்ம மேட்டாங்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா உர மூட்டைக்குக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்கலாம்.

நான் சொன்னதெல்லாம் நம்ம நூலகத்துலயே இருக்கும்னு சொல்ல முடியாது. இல்லாததை ஒரு தாள்ல எழுதி, பேரும் போட்டு நூலகர் ஐயாகிட்ட குடுங்க. பத்துப் பேர் ஒரே புத்தகத்தைக் கேட்டா மேல கேட்டு வாங்க அவருக்கும் வசதி. நாமக்கல் போறப்ப மாவட்ட மைய நூலகத்துல ஒரு எட்டுப் பாருங்க. நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களோட புத்தகம் பலதும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல இலவசமாவே இருக்கு, செல்போன்லயே படிக்கலாம். நம்ம கட்சி அலுவலகத்துல ஒரு நோட்டுப் போட்டிருக்கோம். யாரு என்ன புத்தகம் கேட்டாங்க, கிடைச்சுதா இல்லையான்னு எழுத. மூணு மாசத்துக்கு ஒருக்கா அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டுப் பேரூராட்சிக்கும் நூலகத் துறைக்கும் நாங்க போறோம். வசூல் ஆகற நூலக வரி முழுசா நூலகத்துக்குப் போய்ச் சேருதான்னும் சேர்த்துக் கேட்போம். நம்ம காசு, கேட்கறதுல கூச்சம் என்ன?

இந்தக் கையில இருக்கற 'நாகம்மாள்' நூலகத்துப் புத்தகம்ங்க. திருப்பித் தர வேண்டிய தேதி தாண்டிருச்சு. இப்ப மேடையை விட்டு இறங்கினதும் ஐயாகிட்ட அபராதத்தைக் கட்டிக் குடுத்துடறேன். அடுத்து யாருக்கு வேணும்? அந்தப் பின்வரிசையில கை தூக்கின அக்கா, நீங்களே வந்து வாங்கிக்குங்க.